உருக்காலை ஓசையும் ஓர் இசைத்தட்டும்

மேளம் முழங்கினால் இசை என்கின்றோம். சம்மட்டி முழங்கினால் இரைச்சல் என்கின்றோம். இரண்டும் ஒரு பொருள் மற்றொரு பொருளைத் தாக்குவதனால் எழும் ஓசைகளே. ஒன்றைச் செவி விரும்பி ஏற்பதற்கும் மற்றொன்றைக் கேட்டு முகஞ்சுளிப்பதற்கும் காரணம் யாதெனில், முன்னையது ஒழுங்குபட்டது, பின்னையது ஒழுங்கற்றது என்று பொதுவாக விடை கூறப்படும். கொல்லன் தன் கையால் இரும்படித்த காலத்துக்கு இவ்விடை ஒருவாறு பொருந்தியிருக்கலாம். நீராவிப் பொறியும் மின்பொறியும் வந்தபின்னர் அது பொருந்துவதில்லை. தொழிற்சாலையிலே தகட்டை அழுத்தும் பொறி, நிமிடத்துக்கு இத்தனை முறை என்று வகுத்த கணக்கில் அணுவளவும் பிசகாது விழுகின்றது. எத்தகைய தவில் வித்துவானும் அத்துணைத் திட்பமான காலப்பிரமாணத்தோடு வாசித்தாரல்லர். ஒழுங்கு ஒன்றே இசைக்கு இலக்கணமாயின், பொறியே தலைசிறந்த வித்துவானாதல் வேண்டும். அவ்வாறு கூற எவரும் ஒருப்படார். அங்ஙனமாயின், பொறியின் ஓசைக்கும் மனிதனின் இசைக்கும் இடையேயுள்ள உறவு யாது?

இவ்வினாவைத் தருக்கத்தால் ஆராயாமல், காதால் கேட்டு அறியுமாறு செய்த இசைத்தட்டு ஒன்று 1989ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்திலே வெளிவந்தது. பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த கோட்பிளெஷ் என்னும் குழுவினர் அதனை ஆக்கினர். ‘ஸ்ட்ரீற்கிளீனர்’ என்பது அதன் பெயர். வீதியைத் துப்புரவு செய்பவன் என்பது பொருள். அதனை வெளியிட்ட நொட்டிங்ஹாம் நகரத்து நிறுவனத்தின் பெயர் ‘இயரேக்’ என்பது. அச்சொல்லுக்குக் காதுவலி என்பது பொருளாகலின், வாங்குவோரை ஏமாற்றினர் என்று அந்நிறுவனத்தார்மீது எவரும் குற்றஞ்சாட்ட இயலாது. ‘இன்டஸ்ரியல் மெற்றல்’ என இன்று உலகெங்கும் வழங்கும் இசைவகைக்கு அடிகோலிய தட்டுகளுள் இதுவும் ஒன்றென இசையாராய்ச்சியாளர் மதிப்பர். தமிழில் அதனை ஆலை உலோக இசை எனலாம்.

இப்பெயரிலே இரண்டு மரபுகள் கூடி நிற்கின்றன. ஆலை என்பது ஒரு மரபு. உலோகம் என்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு வழிகளில் வந்தவை.

ஆலை ஓசையை இசையரங்குக்கு அழைத்தவர்களுள் முன்னோடி, இத்தாலிய ஓவியரான லூயிஜி ருசோலோ என்பவர். 1913ஆம் ஆண்டில் அவர் ‘இரைச்சல்களின் கலை’ என்னும் பிரகடனத்தை வெளியிட்டார். பொறிகளின் ஊழியிற் பிறந்த செவிக்குப் பழைய வாத்தியங்களின் நாதம் போதாது என்பது அவர் துணிபு. உறுமவும் சீறவும் முழங்கவும் வல்ல பெட்டிகளைத் தாமே செய்வித்து, அடுத்த ஆண்டு மிலான் நகர அரங்கொன்றிலே கச்சேரி நடத்தினார். கேட்க வந்தவர்களுக்கும் ருசோலோவின் தோழர்களுக்கும் இடையே கைகலப்பு நிகழ்ந்ததேயன்றி இசை அதிகம் கேட்கவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1948இல், பிரெஞ்சு வானொலியிற் பணியாற்றிய பியேர் ஷேபர் என்னும் பொறியியலாளர், பரிஸ் நகரப் புகையிரத நிலையமொன்றிலே எஞ்சின்களின் ஓசையைப் பதிவுசெய்து, அதனை மீட்டும் மீட்டும் ஒலிக்கச் செய்து ஓர் ஆக்கமாக்கி ஒலிபரப்பினார். வானொலி நேயர்கள் இச்செய்தியைச் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. ஏனெனின், புகைவண்டியின் ஓசை இசையாக முதன்முதல் மக்களைச் சென்றடைந்தது வானொலி வாயிலாகவே.

1976இல் இலண்டனில் இயங்கிய துரொபிங் கிறிசில் என்னும் குழுவினர் தம் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ‘இன்டஸ்ரியல் ரெக்கோட்ஸ்’ எனப் பெயரிட்டனர். இசைவகைக்கு ஆலை என்னும் அடைமொழி வந்தது அவ்வழியே. மேற்கு பேர்லினிலே 1980இல் தோன்றிய ஐன்ஸ்ருர்சென்ட நொய்பௌட்டன் குழுவினரோ இன்னும் ஒருபடி மேற்சென்று, குப்பையிற் கிடந்த இரும்புத் தகடுகளையும் துளையிடும் பொறிகளையும் வாத்தியங்களாகக் கொண்டனர். அப்பெயருக்கு, இடிந்து வீழும் புதுக் கட்டடங்கள் என்பது பொருள். இவர்களெல்லாம் பெரும்பாலும் ஓவியமும் நாடகமும் அறிந்த பரிசோதனைக்காரர். ஆலை ஓசையை வெளியே நின்று ஆராய்ந்தவர்கள் என்று சொல்லுதல் தகும்.

உலோக மரபின் பிறப்போ வேறு விதமானது. அது ஆலைக்குள்ளேயே நிகழ்ந்தது.

பேர்மிங்ஹாம் நகரம் ஆயிரந் தொழில்களின் நகரம் எனப் பெயர்பெற்றது. பொத்தான் முதல் பேனாமுள் வரை, துப்பாக்கி முதல் மோட்டார் வண்டி வரை அங்கே ஆகாத பொருள் இல்லை. ஜேம்ஸ் வாற் தம் நீராவிப் பொறியை உலகறியச் செய்தது, அந்நகரத்து முதலாளி மத்தியூ போல்ற்றனோடு 1775இல் கூட்டுச் சேர்ந்த பின்னரே. அந்நகரிலே 1965ஆம் ஆண்டில், தகட்டுலோகத் தொழிற்சாலை ஒன்றில் ரோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர் பற்றவைக்கும் வேலை பார்த்துவந்தார். கிற்றார் வாசிப்பதையே தொழிலாகக் கொள்ளலாம் என்னும் எண்ணத்தால் வேலையை விட்டு விலகத் தீர்மானித்து, கடைசி நாள் வேலைக்குச் சென்றார். அழுத்துபொறியில் வேலைசெய்யும் ஆள் அன்று வரவில்லை. அந்த இடத்திலே அயோமி நிறுத்தப்பட்டார். பொறி அவர் வலக்கைமேல் விழுந்தது. நடுவிரலினதும் மோதிரவிரலினதும் நுனிகள் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் தந்திகளை அழுத்திச் சுரம் பிடிப்பதற்கு வேண்டிய விரல்களே போயின.

இனி வாசிக்க இயலாதென மருத்துவர்கள் கூறினர். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர், தீக்காயத்தால் இரண்டு விரல்கள் செயலிழந்தும் புகழோடு வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்பித்தார். அயோமி துணிவு கொண்டார். பாத்திரங் கழுவும் திரவம் வரும் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக் கட்டிக்கொண்டார். தடித்த தந்தியை அழுத்த விரல் தாளாமையால் மெல்லிய தந்திகளை இட்டார். பின்னர்த் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். தாழ்ந்த சுருதியும் கனத்த நாதமும் அவர் வாசிப்பின் இயல்பாயின. அவர் இருந்த பிளக் சபத் குழுவின் முதலாவது நீள்தட்டு 1970ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. அக்குழுவிற் பாடிய ஓசி ஒஸ்போனும் மோட்டார் வண்டிகளின் ஊதுகுழல்களை நாள்முழுதும் ஒலிக்கச் செய்து சரிபார்க்கும் வேலையை ஒருகாலத்திற் பார்த்தவரே. ஹெவி மெற்றல் எனப்படும் கன உலோக இசை இவ்வாறு தொடங்கிற்று. அதன் கனம் ஓரளவுக்கு ஒரு பொறி இட்ட தழும்பு என்று சொன்னால் மிகையாகாது.

ஜஸ்ரின் புரோட்ரிக் அதே பேர்மிங்ஹாமில் 1969இல் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் நகரின் நிலை மாறியிருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக ஆட்குறைப்புச் செய்தன, பல கதவடைத்தன. 1982ஆம் ஆண்டு சனவரியில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டிற்று. கைத்தொழிலையே நம்பியிருந்த மத்திய இங்கிலாந்துக்கு அந்த அடி கடுமையானது. அயோமியின் தலைமுறை, பள்ளியை விட்டதும் ஆலைக்குட் புகுந்து, அதன் இரைச்சலினின்றும் தப்பியோட வழி தேடிற்று. புரோட்ரிக்கின் தலைமுறைக்கோ தப்பியோடுவதற்கு ஓர் ஆலைதானும் உறுதியாக இருக்கவில்லை. எஞ்சியிருந்தவை கொங்கிறீற்றுக் குடியிருப்புகளும் அகன்ற மோட்டார்ப் பாதைகளும் பூட்டிய வாயில்களுமே.

இவ்விளைஞர் இயல்பிலே முழவு வாசிப்பவர் என்பதை இங்கே அழுத்திக் கூறவேண்டும். போல் ஒவ் பிகோஸ் என்னும் குழுவில் அவர் முழவு வாசித்தார், அதிலே ஜீ. சி. கிறீன் பேஸ் கிற்றாரும் போல் நெவில் கிற்றாரும் வாசித்தனர். ஹெட் ஒவ் டேவிட் என்னும் மற்றொரு குழுவிலும் அவர் முழவுக்காரரே. இடையிலே நேபாம் டெத் குழுவினரின் ‘ஸ்கம்’ என்னும் தட்டின் முதற் பக்கத்தில், பதினேழாம் வயதளவிலே, கிற்றார் வாசித்தார். 1987இல் வெளிவந்த அத்தட்டு வேகத்துக்குப் பேர்போனது. அதிலுள்ள பாடலொன்று ஏறத்தாழ ஒரு வினாடியளவே நிலைத்து முடிந்துவிடும். 1988இல் புரோட்ரிக்கும் கிறீனும் கோட்பிளெஷ் என்னும் பெயரில் மீண்டும் இணைந்தபோது, புரோட்ரிக் முழவை விட்டுக் கிற்றாரை ஏந்தினார். முழவுக்கு வேறோர் ஆளைத் தேடவில்லை. ஒரு பெட்டியை வாங்கினார்.

டிரம் மெஷின் எனப்படும் அப்பெட்டி இயங்கும் முறை எளிமையானது. உண்மையான முழவுகளை ஒருவர் அடிக்க, அவ்வோசைகளைத் தனித்தனியே பதிந்து, எண்களாக மாற்றி, மின்னணுச் சில்லுகளிலே சேமித்து வைத்திருப்பர். பெட்டியின் முகப்பிலே சிறு பொத்தான்கள் இருக்கும். எந்த மாத்திரையில் எந்த ஓசை வரவேண்டும் என்பதை அப்பொத்தான்களால் வகுத்துக் கொடுத்துவிட்டால், உள்ளேயிருக்கும் கடிகாரம் அவ்வகுப்பின்படி ஓசைகளை எழுப்பிக்கொண்டே இருக்கும். களைப்பில்லை, தயக்கமில்லை. மனிதன் அடிக்கும் இரண்டு அடிகள் ஒருபோதும் ஒத்திருப்பதில்லை; ஒன்று இம்மியளவு முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று மெலியும். கச்சேரியில் நாம் உயிரோட்டம் என்று பாராட்டுவது பெரும்பாலும் இந்தச் சிறு பிசகுகளையே. பெட்டியின் ஆயிரமாவது அடியோ முதலாம் அடியின் அச்சுப்பிரதியாகும்.

எண்பதுகளில் இவ்வகைப் பெட்டியைக் கையாண்ட ஜனரஞ்சக இசைக்காரர் பலர், அதனை மனிதன் வாசிப்பதுபோலத் தோன்றச் செய்வதற்கு அரும்பாடு பட்டனர். நியூயோர்க்கின் ஹிப்ஹொப் இசைஞர்களோ அதன் பொறித்தன்மையையே அழகாக்கினர். புரோட்ரிக் அவ்விசையை ஆர்வத்தோடு கேட்டவர். அதிலிருந்து கற்ற பாடத்தை அவர் கன உலோக இசைக்குக் கொண்டுவந்தார். அல்சிஸ் நிறுவனத்தின் எச்.ஆர்.16 என்னும் பெட்டியை, மறைவின்றி, அரங்கின் நடுவே நிறுத்தினார். கேட்பவர் இது மனிதனோ பொறியோ என ஐயுறுவதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

‘ஸ்ட்ரீற்கிளீனர்’ தட்டின் முதற்பாடல் ‘எலிகளைப் போல’ எனப் பொருள்படும் பெயருடையது. அதனைக் கேட்கத் தொடங்கும் ஒருவர் முதலில் உணர்வது வேகமின்மையை. அக்கால உலோக இசைக்குழுக்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு விரைந்தன. ஒரு வினாடிப் பாடலிற் பங்குகொண்ட புரோட்ரிக் இங்கே வேண்டுமென்றே ஊர்ந்து செல்கின்றார். பெட்டியின் அடி, பெரிய அழுத்துபொறி எழுந்து விழுவதுபோல, ஒவ்வொன்றும் தனித்து விழுகின்றது. பாடலின் அடியெடுப்பைச் சுமந்து செல்வது கிறீனின் பேஸ் கிற்றார். சாதாரணமாகப் பின்னணியில் ஒதுங்கி நிற்கும் அவ்வாத்தியம் இங்கே ஒலிபெருக்கியின் கரகரப்போடு முன்வந்து, அரைக்கும் கல்லின் ஓசைபோல் தொடர்கின்றது. அதன்மேல் புரோட்ரிக்கின் கிற்றார் உராய்கின்றது, கிறீச்சிடுகின்றது. சில வேளைகளிலே சுரமாகாமல் வெறும் அதிர்வாகவே நின்றுவிடுகின்றது. ஒரு பகுதிப் பாடல்களில் நெவிலின் கிற்றாரும் சேர்கின்றது.

இவ்வளவுக்கும் இடையிலே ஒரு மனிதக் குரல் கேட்கின்றது. இத்தட்டின் மெய்யான பொருள் அங்கேதான் இருக்கின்றது. குரல் சில இடங்களில் அடிவயிற்றிலிருந்து உறுமுகின்றது; சில இடங்களில் தொலைவில் நின்று முனகுவதுபோல் மங்கி ஒலிக்கின்றது. சொற்கள் சில, அவையும் திரும்பத் திரும்ப வருகின்றன. கதை கூறுவதில்லை, வாதம் புரிவதில்லை. தாளத்தை வகுக்கும் உரிமை அக்குரலுக்கு இல்லை. சாதாரணக் கச்சேரியிலே பாடகர் சற்று நின்றால் முழவுக்காரரும் நிற்பர். உணர்ச்சி மேலிட்டால் தாளமும் கூடவே எழும். இங்கே பாடுபவர் கதறினாலும் முனகினாலும் பெட்டி தன் கணக்கின்படியே அடிக்கின்றது. மனிதன் பொறிக்கு இசைந்து நடக்கவேண்டியிருக்கிறதேயன்றிப் பொறி மனிதனுக்கு இசைவதில்லை. பேர்மிங்ஹாமிலே இரண்டு நூற்றாண்டுகளாக ஆலைக்குட் சென்ற ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருந்த உண்மை இது. புத்தகங்கள் பல எழுதியும் விளக்க இயலாத அந்நிலையை இத்தட்டு சில நிமிடங்களில் உடலுக்கு உணர்த்திவிடுகின்றது.

இதனால், இது தொழிலாளர் துயர்பாடும் தட்டு என்று ஒருவர் முடிவுகட்டிவிடலாகாது. வேலையின்மையைப் பற்றியோ ஆலைகள் மூடப்பட்டமை பற்றியோ வெளிப்படையாகப் பேசும் பாடல் இதில் இல்லை. சொற்களிலே காணப்படுவது மனிதர்மீதும் தன்மீதும் கொண்ட வெறுப்பும் அச்சமும் இழிவுணர்ச்சியுமே. தட்டின் முகப்பிலே தீப்பிழம்பிடையே சிலுவைகளிற் கட்டுண்ட உருவங்கள் தோன்றுகின்றன. அது கென் ரசல் 1980இல் இயக்கிய ‘ஓல்ற்றேட் ஸ்ரேற்ஸ்’ என்னும் திரைப்படத்திலிருந்து எடுத்த காட்சி. சமய உணர்வுடையோர் மனம் புண்படுதல் கூடும். ஆயினும் புரோட்ரிக் ஆலைத் தொழிலாளியல்லர் என்பதும், இருபது வயதளவில் இத்தட்டை ஆக்கினார் என்பதும் கருதத்தக்கன. அயோமியின் செவியில் ஆலை உயிரோடு இரைந்தது. புரோட்ரிக்கின் காலத்தில் அவ்விரைச்சல் அடங்கிக்கொண்டிருந்தது. அடங்கிவரும் ஆலையின் ஓசையை, கடையில் வாங்கிய சிறு பெட்டியைக்கொண்டு மீட்டும் எழுப்பவேண்டிய நிலை அவருக்கு. ஆலைகளிலே மனிதனின் வேலையைப் பொறி ஏற்றது. இக்குழுவிலே முழவுக்காரனின் வேலையை அவனே மனமுவந்து பொறிக்குக் கொடுத்தான். இதை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று கொள்ளவேண்டுவதில்லை. காலத்தின் சாயல் கலைஞனைக் கேளாமலே அவன் படைப்பிற் படிந்துவிடும்.

அக்காலத்தின் சாயல் ஓர் ஊருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. அதே 1989ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் எஃகு நகரங்களுள் ஒன்றான கிளீவ்லாந்திலிருந்து நைன் இஞ்ச் நெயில்ஸ் என்னும் பெயரில் திரென்ற் ரெஸ்னர் தம் முதலாவது தட்டை வெளியிட்டார். ஒலிப்பதிவுக்கூடமொன்றிலே எடுபிடி வேலை செய்து, ஆளில்லா வேளைகளில் அங்கேயே தம் பாடல்களைப் பதிந்தவர் அவர். நவம்பரில் சிக்காகோவின் மினிஸ்றி குழுவினர் கிற்றாரின் கனத்தையும் பொறிகளின் ஓசையையும் கலந்து தம் நான்காவது தட்டை அளித்தனர். ஏறத்தாழ ஒரு மாத எல்லைக்குள் மூன்று பழைய கைத்தொழில் நகரங்களிலிருந்து மூன்று தட்டுகள். ஏனைய இரண்டிலும் நடனத்துக்குரிய துள்ளல் உண்டு. விற்பனையும் புகழும் அவற்றுக்கே அதிகம் வாய்த்தன. கோட்பிளெஷின் தட்டிலே துள்ளலுக்கு இடமில்லை. அதனாலேயே போலும், பெருந்திரளான மக்களைக் காட்டிலும் இசைஞர்களே அதனை அதிகம் போற்றினர். பேத் நோ மோர் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவினர் தம்மோடு சேருமாறு புரோட்ரிக்கை அழைத்ததும், அவர் மறுத்துவிட்டதும் பின்னாளிற் பலரும் அறிந்த செய்தி.

இத்தகைய இசையை வீட்டிலே பிள்ளைகள் கேட்கும்போது பெரியோர் கவலைப்படுவது இயல்பே. மேற்கு நாடுகளிலே இது வன்முறையைத் தூண்டுமென அஞ்சியோரும் உளர். இசை இன்பந் தருதல் வேண்டும் என்னும் கொள்கையுடையார்க்கு இத்தட்டில் யாதும் இல்லை; அவர்களை வற்புறுத்திக் கேட்கச் செய்வதும் முறையன்று. ஆனால் ஒப்பாரியும் இன்பந் தருவதற்காகப் பாடப்படுவதன்று. அதனை இசையன்று என்று விலக்குவாரும் இல்லை. இளைஞன் ஒருவன் இருண்ட ஓசையை நாடுகின்றான் எனின், அவ்விருள் ஓசையிலிருந்து அவனுள்ளே புகுந்தது என்பதைக் காட்டிலும், முன்னரே அவனைச் சூழ்ந்திருந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். தட்டை நிறுத்திவிடுதல் எளிது. எதனைக் கேட்கின்றாய், ஏன் கேட்கின்றாய் என்று அருகிருந்து வினவுதல் சற்றுக் கடினம்.

குறைகளும் இல்லாமலில்லை. பத்துப் பாடல்களும் ஒரே நிறத்தனவாய் இருத்தலின், பழக்கமில்லாத செவிக்கு ஐந்தாவது பாடலிலேயே அலுப்புத் தட்டும். குறுந்தட்டு வடிவத்திலே மேலும் நான்கு பாடல்களைச் சேர்த்தது அச்சுமையைக் கூட்டிற்றேயன்றிக் குறைக்கவில்லை. சொற்களின் வறுமையையும் சிலர் குறையாகக் காட்டுவர். பொறியின் முன் நிற்கும் மனிதனுக்குச் சொற்கள் வற்றிப்போதல் இயல்பாகலின், அதனைப் பெருங்குறையாகக் கொள்ளவேண்டியதில்லை.

பிற்காலத்திலே குழுவினர் முழவுப் பெட்டியை விட்டு மனிதரைக்கொண்டு முழவு வாசிக்கச் செய்தும் பார்த்தனர். 1996இல் வெளிவந்த தட்டிலே பிரையன் மன்ரியாவும், 2001இல் வெளிவந்த தட்டிலே ரெட் பார்சன்ஸும் வாசித்தனர். இருவரும் தேர்ந்த கலைஞர்கள். ஆயினும் தாளம் மனிதனுக்கு இணங்கத் தொடங்கியதும் முன்னிருந்த இறுக்கம் தளர்ந்துபோயிற்று. 2002இல் குழு கலைந்தது. 2010இல் மீண்டும் கூடியது. அடுத்த ஆண்டு, கம்பளி நெசவாலைகளாற் பெயர்பெற்று அவை மூடப்பட்ட துயரையும் அறிந்த நெதர்லாந்து நகரமான தில்பேர்க்கிலே, ரோட்பேண் இசைவிழாவில் ‘ஸ்ட்ரீற்கிளீனர்’ முழுவதையும் அரங்கேற்றினர். அன்றும், 2014இலும் 2017இலும் 2023இலும் வெளிவந்த புதிய தட்டுகளிலும், முழவுக்கு ஆள் அமர்த்தப்படவில்லை.